ஆறு மணித்தியால ஆயுள்

இலங்கையில் அணு உலை கிடையாது. ஆனாலும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் எலும்பு ஸ்கேனுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் நாளத்தில் ஏறுகிற மருந்து, கடல் கடந்த ஓர் அணு உலையில் பிறந்ததுதான். டெக்னீசியம்-99எம் என்று பெயர். புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க அரை நூற்றாண்டாக வைத்தியர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். இதன் அரை ஆயுள் ஆறு மணித்தியாலம். காலை எட்டு மணிக்கு இருந்ததில் பாதிதான் பகல் இரண்டு மணிக்கு மிஞ்சும், இரவு எட்டு மணிக்குக் கால்வாசி. சேமித்து வைக்க முடியாது, கப்பலில் அனுப்ப முடியாது, சுங்கத்தில் ஒரு நாள் கிடக்கட்டும் என்று விடவும் முடியாது.

இப்படியொரு பொருள் எப்படி மஹரகம வரைக்கும் வந்து சேருகிறது என்று தேடிப் போனால், கதையின் முதல் முனை இந்தத் தீவிலேயே அகப்படுகிறது. பிறந்த இடம் வேறாயினும் வம்சம் இங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம்.

பலாங்கொடைக்குக் கிட்ட பம்பரபொட்டுவப் பகுதி ஓடைகளில் இரத்தினக்கல் தேடுகிறவர்கள், சரளையை அரிக்கும்போது சின்னச் சின்னக் கறுப்புக் கற்களைக் காண்பதுண்டு. கனசதுர வடிவம், அளவுக்கு மீறிய பாரம். நகைக்கு உதவாத அந்தக் கல்லை 1904இல் லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் வின்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தார். பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு, கூடவே யுரேனியம். தோரியனைட் என்று பெயரிட்டார். அந்தக் காலத்தில் இலங்கைக் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கி, இந்தக் கல்லைப் பற்றி முதன்முதல் எழுதியவர்களில் ஒருவராகவும் இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் சிவ தாண்டவத்தைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமிதான். 1877இல் கொள்ளுப்பிட்டியில் பிறந்து, புவியியல் படித்து, கல்லும் மண்ணுமாகத் தொழிலைத் தொடங்கியவர் அவர் என்பதைக் கலை ரசிகர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். அவருடைய அத்தை மகன் பொன்னம்பலம் இராமநாதன், கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடையில் தந்தையார் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலை 1907இலிருந்து கருங்கல்லால் திரும்பக் கட்டினார். ஒரே குடும்பத்தில் ஒருவர் கல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார், மற்றவர் கல்லுக்குள்ளே சிவனை வைத்தார்.

இங்கிலாந்துக்குப் போன தோரியனைட் எல்லாம் அந்தக் கோயிலுக்கு அருகேயுள்ள துறைமுகம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. ஆங்கிலம் பழகுவதற்காக ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஓர் இளம் இரசாயனவியலாளருக்கு, இலங்கைக் கல்லிலிருந்து எடுத்த பேரியம் உப்பை ராம்சே கொடுத்தார். இதற்குள் கொஞ்சம் ரேடியம் இருக்கிறது, பிரித்தெடு என்றார். இளைஞரின் பெயர் ஒட்டோ ஹான். கதிரியக்கம் பற்றி அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. பிரிக்கப் போன இடத்தில், யாரும் அதுவரை அறியாத ரேடியோதோரியம் என்ற பொருளை 1905இல் கண்டுபிடித்தார். வேலை தேடிக் கொள்ளவிருந்த மனிதரின் வாழ்க்கையே அதோடு திசை மாறிவிட்டது.

பேரியத்திலிருந்து ரேடியத்தைப் பிரிக்கிற அந்தக் கைப்பழக்கம்தான் இங்கே முக்கியம். முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1938 டிசம்பரில், பேர்லினில் ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின்மீது நியூத்திரன்களைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கிடைத்த பொருளை ரேடியம் என்று நினைத்து, கூடப் போட்ட பேரியத்திலிருந்து அதைப் பிரிக்கப் பார்த்தார்கள். எப்படிச் செய்தும் பிரியவில்லை. வேறு யாராவது என்றால் தன் கையைத்தான் சந்தேகித்திருப்பார்கள். ஹானுக்கு அந்தப் பிரிப்பு வேலை தலைகீழ்ப் பாடம். பிரியவில்லையென்றால் அது ரேடியமே இல்லை, பேரியம்தான். அதாவது யுரேனியம் அணுக்கரு இரண்டாக உடைந்திருக்கிறது. ஸ்வீடனுக்குத் தப்பிப் போயிருந்த அவர்களுடைய சகா லீசெ மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் ஒட்டோ பிரிஷும் இதற்கு விளக்கம் எழுதினார்கள். நோபல் பரிசு மட்டும் ஹானுக்குத் தனியாகப் போனது. அது வேறொரு வழக்கு.

யுரேனியம்-235 நூறு தடவை உடைந்தால் அதில் ஏறக்குறைய ஆறு தடவை மொலிப்டினம்-99 உண்டாகிறது. எலும்பு ஸ்கேனுக்கான டெக்னீசியத்தின் தாய்ப்பொருள் அதுதான்.

இலங்கைக் கற்கள் இந்த வம்சாவளியில் இன்னோரிடத்திலும் தலைகாட்டுகின்றன. ஒரே மூலகத்துக்குள் வேறுவேறு எடையுள்ள அணுக்கள் இருக்கலாம், அவையே ஐசோடோப்புகள் என்று பிரெடரிக் சொடி 1913இல் சொன்னபோது, சான்று எங்கே என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே அவர் இலங்கையில் எடுத்த தோரைட் என்ற கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்து, அது சாதாரண ஈயத்தைவிடச் சற்றுக் கனமானது என்று காட்டினார். இன்று ஸ்கேன் கமராவின் முகப்பை மூடியிருப்பதும் ஈயம்தான். அது சாதாரண ஈயம்.

இந்த முன்னோர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹங்கேரிக்காரரான ஜார்ஜ் டி ஹெவெசி. மான்செஸ்டரில் ரதர்போர்ட் அவரிடம் ஈயத்திலிருந்து ரேடியம்-டி என்ற பொருளைப் பிரித்துத் தரச் சொன்னார். முடியவில்லை. முடியாது என்றால், அந்தக் கதிரியக்கப் பொருள் எங்கே போகிறதோ அங்கேதான் ஈயமும் போகும். பின்தொடர்ந்து பார்க்கலாமே என்று ஹெவெசி நினைத்தார். 1923இல் அவரைச் செடிக்குள் ஈயம் எப்படி ஏறுகிறது என்று இப்படிப் பார்த்தார். 1935இல் எலிகளுக்குக் கதிரியக்கப் பொஸ்பரஸ் கொடுத்தார். எலும்பு என்றால் ஒருமுறை கட்டி முடித்த சுவர் என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். எலிகளின் எலும்புக்குள் போன பொஸ்பரஸ் அங்கேயே நின்றுவிடவில்லை. வெளியேறியது, புதியது உள்ளே வந்தது. எலும்பு ஓயாமல் தன்னை உடைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது.

எலும்பு ஸ்கேனைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும். அந்த ஸ்கேன் புற்றுநோயைப் பார்ப்பதில்லை. எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளப் பரபரக்கும் இடங்களைத்தான் பார்க்கிறது. படத்தில் கறுத்துத் தெரியும் புள்ளியைப் பார்த்து வீட்டுக்காரர் அடைகிற கலக்கத்தில் பாதி, இது தெரியாததால் வருவது.

டெக்னீசியத்தின் சொந்தப் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலிபோர்னியாவின் பேர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரோனில் அடிபட்ட மொலிப்டினத் தகடு ஒன்று தபாலில் சிசிலித் தீவுக்குப் போனது. பலேர்மோவில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் 1937இல் அதற்குள் 43ஆம் மூலகத்தைக் கண்டார்கள். மனிதர் செயற்கையாக உண்டாக்கிய முதல் மூலகம். அடுத்த ஆண்டு செக்ரேயும் கிளென் சீபோர்க்கும் பேர்க்லியில் அதன் 99எம் வடிவத்தைக் கண்டறிந்தார்கள். பிறகு இருபது ஆண்டுகள் யாரும் அதைச் சீந்தவில்லை. நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வோல்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் வேறொரு பொருளைச் சுத்தம் செய்யும்போது இது கலந்து வந்ததைக் கவனித்து, 1958 வாக்கில் மொலிப்டினத்திலிருந்து டெக்னீசியத்தை வடித்தெடுக்கும் சாதனத்தைச் செய்தார்கள். அதற்குக் காப்புரிமை கேட்டபோது, இதற்குச் சந்தை இருக்குமென்று தோன்றவில்லை என்று அரசாங்க அதிகாரிகள் கைவிட்டார்கள். இன்று உலகத்தில் ஆண்டுக்கு மூன்று கோடிக்குக் குறையாத ஸ்கேன்கள் இந்தப் பொருளால் நடக்கின்றன. அதிகாரிகளின் தீர்க்கதரிசனத்துக்கு எந்த ஊரிலும் குறைவில்லை.

அந்தச் சாதனத்துக்கு ஜெனரேட்டர் என்று பெயர். வேலை செய்கிறவர்கள் பசு என்பார்கள். மொலிப்டினம்-99இன் அரை ஆயுள் 66 மணித்தியாலம். அது சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். அலுமினாத் தூள் அடைத்த சிறு கண்ணாடிக் குழாயில் மொலிப்டினம் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து உப்புத்தண்ணீரை விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து கீழே வரும், தாய் அப்படியே நிற்கும். காலையில் கறந்தால் அடுத்த நாள் காலைக்குள் மடி திரும்ப நிறைந்துவிடும். ஆறு மணித்தியால ஆயுள் கொண்ட பொருளை அனுப்ப முடியாது. ஆனால் அதைச் சுரக்கிற பசுவை அனுப்பலாம். அணு உலை இல்லாத நாட்டுக்கு இந்தத் தந்திரத்தை விட்டால் வழியில்லை.

உலையில் யுரேனியத் தகடுகள் ஏறக்குறைய ஒரு வாரம் வேகின்றன. நெதர்லாந்தின் பெட்டன், பெல்ஜியத்தின் மோல், தென்னாபிரிக்காவின் பெலிண்டபா, அவுஸ்திரேலியாவின் லூக்கஸ் ஹைட்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில உலைகள்தான் உலகத் தேவையின் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கின்றன. வெளியே எடுத்த தகட்டை ஈயச் சுவருக்குப் பின்னால் இயந்திரக் கைகளால் கரைத்து, மொலிப்டினத்தைப் பிரித்து, குழாயில் ஏற்றி, ஈயக் கூட்டுக்குள் வைத்துப் பெட்டியில் அடைக்கிறார்கள். பார்க்கச் சின்னப் பெட்டிதான், ஒற்றைக் கையால் தூக்க முடியாது. வெளியே மூவிதழ்ச் சின்னம் பதித்த மஞ்சள் ஒட்டி. பெட்டியில் எழுதியிருக்கும் கதிரியக்க அளவுக்குப் பக்கத்தில் திகதியும் மணியும் எழுதியிருக்கும். மணி சொல்லாத அளவுக்கு இந்தத் தொழிலில் அர்த்தமில்லை.

பெட்டி ஒரு நாள் பிந்தினால் உள்ளே இருப்பதில் 22 சதவீதம் போய்விடும். ஒரு வாரம் பிந்தினால் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கனடாவின் சோக் ரிவர் உலை 2009 மே மாதம் கனநீர் கசிந்து பதினைந்து மாதம் மூடிக்கிடந்தபோதும், அதற்கிடையில் பெட்டன் உலையும் திருத்தத்துக்காக நின்றபோதும் உலகமெங்கும் ஸ்கேன் பட்டியல்கள் சுருங்கின. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றன. 2020இல் கொவிட். மாத்திரை, மருந்து என்றால் களஞ்சியத்தில் மூன்று மாதத்துக்கு அடுக்கி வைத்து ஒருவாறு சமாளிக்கலாம். இதற்கு அந்த வழியும் இல்லை. மற்ற மருந்துகளின் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நோயாளிக்குக் கிடைப்பது மருந்துச் சீட்டல்ல, தள்ளிவைத்த திகதி மட்டும் என்பதாலோ என்னவோ.

இலங்கை சர்வதேச அணுசக்தி முகவரகத்தில் 1957இலேயே சேர்ந்த நாடு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் அணுசக்தி அதிகாரசபை வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத ஒருகொடவத்தையில், பேஸ்லைன் வீதியில் அதன் அலுவலகம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அதை இரண்டாகப் பிரித்தது. அணுசக்திச் சபை ஒருபக்கம், அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கண்காணிக்கும் ஒழுங்குபடுத்தல் பேரவை மறுபக்கம். கதிரியக்கப் பொருளை இறக்குமதி செய்வதற்கும் வைத்திருப்பதற்கும் இந்தப் பேரவையின் அனுமதி வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கிய பெட்டி வைத்தியசாலையின் அணுமருத்துவப் பிரிவில் ஈயச் சுவருள்ள அறைக்குப் போகிறது. கறந்ததும் மொலிப்டினம் கலந்து வந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கலந்திருந்தால் நோயாளிக்குத் தேவையில்லாத கதிர் போகும்.

இதுவரை டெக்னீசியத்துக்கு எலும்போடு எந்த உறவும் கிடையாது. அதைச் சும்மா ஏற்றினால் தைராய்டுக்கும் வயிற்றுக்கும் போய்விடும். எலும்புக்கு வழிகாட்ட ஒரு துணை வேண்டும். 1960களில் ஸ்ட்ரொன்சியம்-85 பயன்பட்டது. அதன் அரை ஆயுள் 65 நாள், நோயாளிக்குப் பெரிய சுமை. அதனால் புற்றுநோய் உறுதியானவர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் கோபால் சுப்ரமணியன், ஜோன் மெக்காஃபீ இருவரும் 1971இல் டெக்னீசியத்தைப் பொஸ்பேற்றுடன் இணைத்து எலும்புக்கு அனுப்பினார்கள். 1975இல் சுப்ரமணியன் குழு எம்டிபி என்ற டைபொஸ்பொனேற்றைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க எலும்பு ஸ்கேனுக்கு அதுதான். குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கிற இரசாயனங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. கல்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். எலும்பில் புற்றுநோய் உள்ளவர்களுக்கு நாளம் வழியாக ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலமும் இதே குடும்பம்தான். நோயைத் தேடப் போனதும் அதை அடக்கப் போனதும் அண்ணன் தம்பிகள்.

எம்டிபி, உலர்ந்த தூளாக, சிறு குப்பியில் வருகிறது. அதற்குள் கறந்த டெக்னீசியத்தைச் செலுத்திக் குலுக்கிச் சில நிமிடம் வைத்தால் ஊசி தயார்.

இனி ஊசி ஏறுகிற ஆளைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வருகிற தமிழர்களில் நிறையப் பேர் வெள்ளவத்தையில்தான் தங்குகிறார்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் லொட்ஜுகள். இல்லாவிட்டால் சொந்தக்காரரின் பிளட்டில் ஓர் அறை. பாமன்கடை தாண்டி ஹைலெவல் வீதியில் ஏறினால் மஹரகம. கொட்டாஞ்சேனையிலிருந்து போகிறவர் கோட்டைக்கு வந்து 138 பஸ்ஸைப் பிடிப்பார். மார்பிலோ புரோஸ்டேட்டிலோ நோய் என்று முன்பே தெரிந்தவர்கள். இப்போது நாரி நோகிறது, இரவில் படுத்தாலும் விடுவதில்லை. நாரி நோ யாருக்குத்தான் இல்லை என்று ஒரு மனம் சொல்லும். அது உண்மையும்கூட, சிக்கலும் அங்கேதான்.

பெரியவர் ஒருவருக்கு வழக்கமாகப் போடுவது 740 மெகாபெக்கரல் அளவு. விநாடிக்கு 74 கோடி அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். கேட்கப் பயமாக இருக்கும். எடை பார்த்தால் அவ்வளவு டெக்னீசியம்-99எம் ஒரு கிராமின் நூறு கோடியில் நான்கு பங்குகூட வராது. உடம்புக்குக் கிடைக்கும் கதிர் சுமார் 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதர் இரண்டு ஆண்டில் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. ஊசி சுடாது, தலை சுற்றாது. போட்டபின் இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். “தண்ணி நிறையக் குடியுங்கோ, அடிக்கடி போய்வாங்கோ” என்பார்கள்; அநேகமாகச் சிங்களத்தில், “வத்துர பொன்ன” என்று. சிங்களம் பிடிபடாத ஐயாமாருடன் பிடிபடுகிற ஒருவர் கூடப் போவது நல்லது. தண்ணீரைப் பற்றிய அந்த ஒரு வரி விளங்காமல் வறண்டு உட்கார்ந்திருந்தால் படமும் மங்கும், சிறுநீர்ப்பைக்குக் கதிரும் கூடும். வீட்டுக்கு வந்தபின் எல்லோரும் கேட்பது, “பேரப்பிள்ளையைத் தூக்கலாமோ?” அன்றைக்கு மட்டும் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொஞ்சம் தள்ளியிருந்தால் போதும். அடுத்த நாள் காலை உடம்பில் இருப்பது பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே.

அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பொருள் இரண்டாகப் பிரிகிறது. ஏறக்குறைய பாதி எலும்பில் ஒட்டுகிறது. மீதி சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. நோயாளி பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்பினால் அந்தப் பாதியில் ஒரு பகுதி கொழும்பு மாநகரக் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கும். அந்தக் குழாய்கள் கடலில் முடிவது இரண்டு இடங்களில்: தெற்கே வெள்ளவத்தை, வடக்கே கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரம். டெக்னீசியம்-99எம் அழிந்தபின் டெக்னீசியம்-99 ஆகிறது. அதன் அரை ஆயுள் இரண்டு இலட்சம் ஆண்டுக்கும் மேல். இதைக் கேட்டவுடன் யாரும் கடற்கரைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. விநாடிக்கு 74 கோடி சிதைவாக இருந்தது, மாறியபின் விநாடிக்கு இரண்டு அல்லது மூன்றாகக் குறைந்துவிடும். வாழைப்பழமும் சோறும் தருகிற பொட்டாசியத்தால் நம் ஒவ்வொருவரின் உடம்பிலும் விநாடிக்கு 4000 அளவில் சிதைவுகள் எப்போதும் நடந்துகொண்டிருக்கின்றன.

எலும்பில் தங்கிய பாதிதான் படமாகிறது. புதிய எலும்பு உருவாகும் இடத்தில் கனிமப் படிவு புதிதாக இருக்கும், இரத்த ஓட்டமும் கூட. எம்டிபி அங்கே அதிகம் ஒட்டும். புற்றுக் கலங்கள் எலும்பை அரிக்கத் தொடங்கியதும் எலும்பு சும்மா இருப்பதில்லை, சுற்றிவரப் புதிதாகக் கட்டப் பார்க்கிறது. ஸ்கேன் பிடிப்பது அந்த முயற்சியை. எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிய வேண்டுமானால் எலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்திருக்க வேண்டும். ஸ்கேன் அதற்குப் பல மாதம் முன்பே சொல்லிவிடும்.

ஏன் முள்ளந்தண்டு? முள்ளெலும்புகளுக்குள் செம்மச்சை நிறைய, இரத்த ஓட்டமும் நிறைய. இன்னொரு காரணத்தை 1940இல் பிலடெல்பியாவின் உடற்கூற்றியலாளர் ஒஸ்கார் பாட்சன் காட்டினார். முள்ளந்தண்டைச் சுற்றிப் பின்னியிருக்கும் நாளங்களில் வால்வு கிடையாது. இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றில் அழுத்தம் கூடினால் இடுப்புப் பகுதி இரத்தம் இருதயத்துக்கு நேரே போகாமல் இந்தப் பக்கத்து வழியால் முதுகுக்கு ஏறும். புரோஸ்டேட்டிலிருந்து தப்பிய கலம் நுரையீரலைத் தொடாமலேயே இடுப்பு முள்ளெலும்பில் போய் இறங்குவது இப்படித்தான்.

நோயாளி மேசையில் படுக்கிறார். மேலும் கீழும் காமா கமரா. இதுவும் பேர்க்லியில் 1950களின் கடைசியில் ஹால் ஆங்கர் கண்டுபிடித்தது. எலும்பிலிருந்து புறப்படும் காமாக் கதிர் எல்லாத் திசையிலும் பாய்கிறது. கமராவின் முகப்பிலுள்ள ஈயத் தகட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். நேராக வருவதை மட்டும் உள்ளே விடும். புறப்பட்டதில் பத்தாயிரத்தில் ஒன்று போல்தான் தப்பி உள்ளே நுழைந்து, சோடியம் அயடைட்டுப் பளிங்கில் மோதி, ஒரு பொறி வெளிச்சமாகிறது. அரை மணித்தியாலத்தில் அந்தப் பொறிகளைச் சேர்த்தால் தலையிலிருந்து கால்வரை ஓர் எலும்புக்கூடு தெரியும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் மங்கலான படம். கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பழகிய கண்ணுக்கு இதுவா இவ்வளவு தூரம் வந்தது என்று தோன்றும்.

அறிக்கை வாசிப்பதில்தான் வைத்தியரின் அனுபவம் இருக்கிறது. அறுபது வயது தாண்டியவரின் நாரி எலும்பில் தேய்மானம் இல்லாவிட்டால்தான் அதிசயம். தேய்ந்த மூட்டும் கறுத்துத் தெரியும். பழைய முறிவும் தெரியும். ஒஸ்டியோபொரோசிஸால் நொறுங்கிய முள்ளெலும்பு குறுக்கே ஒரு கோடாகத் தெரியும். நம் பக்கத்தில் மறந்துவிடக் கூடாதது முள்ளந்தண்டுக் காசநோய். அதுவும் புற்றுநோய் வேடம் போடும். முள்ளெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டில் மட்டும் கறுப்பு என்றால் தேய்மானமென்று சாயலாம். எலும்பின் உடலிலிருந்து அதன் தூண் போன்ற பகுதிக்குப் பரவியிருந்தால் சந்தேகம் கூடும். ஒழுங்கில்லாமல் பல இடங்களில் சிதறியிருந்தால் இன்னும் கூடும். ஒற்றைப் புள்ளி மட்டும் என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிடி ஸ்கேனோடு சேர்த்து முப்பரிமாணமாகப் பார்க்க வேண்டும், அல்லது எம்ஆர்ஐ.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மைலோமா என்ற மச்சைப் புற்றுநோய் எலும்பைத் தின்னும். ஆனால் எலும்பு திருப்பிக் கட்ட முயலாது. முயற்சி இல்லாத இடத்தில் டெக்னீசியத்துக்கு வேலையில்லை. ஸ்கேன் பல தடவை சுத்தமாகவே இருக்கும். எல்லா எலும்பிலும் நோய் பரவிவிட்டாலும் படம் ஒரே சீராகக் கறுத்து, பார்வைக்கு அழகாகவே இருக்கும். சிறுநீரகங்கள் தெரியாமல் போயிருப்பதைக் கவனித்தால்தான் விஷயம் பிடிபடும். மருந்து முழுவதையும் எலும்பே குடித்துவிட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதுகு நோவோடு கால் பலமிழந்தால், மரத்தால், சிறுநீர் வராமல் நின்றால், எலும்பு ஸ்கேன் திகதிக்காகக் காத்திருக்கவே கூடாது. முண்ணாண் நசிகிறது என்று அர்த்தம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு, அன்றைக்கே எம்ஆர்ஐ. மணித்தியாலக் கணக்கில் நடக்கும் பலம் போய்விடும், போனால் அநேகமாகத் திரும்பாது.

புதிய கருவிகள் வந்துவிட்டன. 2016இல் மஹரகமவுக்குப் பெட் ஸ்கேனர் வாங்கக் கதீஜா பவுண்டேஷன் முன்னின்று 20 கோடி ரூபாய் இலக்கு வைத்தபோது, சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் என்று நாடு முழுக்கச் சனங்கள் கொடுத்தே அதை எட்டினார்கள். பெட் ஸ்கேன் புற்றுக் கலங்களையே தேடும், கூர்மையும் அதிகம். ஆனால் அதற்கு வேண்டிய புளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம், பசுவும் கிடையாது. சைக்ளோட்ரோன் கிட்ட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தோடு ஓட்டப்பந்தயம். ஆகவே மலிவானதும், கைக்கு எட்டுகிறதுமான பழைய எலும்பு ஸ்கேன் இந்தத் தீவில் இன்னும் நெடுங்காலம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

வெள்ளவத்தை வீடுகளில் அலுமாரிக்கு மேலே பெரிய கடித உறைகளில் இந்தப் படங்கள் கிடக்கின்றன. தூக்கிப் போடாதீர்கள். ஹோர்மோன் சிகிச்சையோ கீமோவோ தொடங்கி முதல் சில மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் பழைய புள்ளிகள் முன்பைவிடக் கறுத்துத் தெரிவதுண்டு. நோய் கூடியிருக்கலாம், அல்லது மருந்து வேலை செய்து எலும்பு மும்முரமாகத் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டும் படத்தில் ஒன்றுபோல்தான் இருக்கும். முந்தின படத்தையும், எந்தத் திகதியில் எந்த மருந்து தொடங்கியது என்ற சீட்டையும் பக்கத்தில் வைத்தால் வைத்தியர் வித்தியாசம் காண வழியிருக்கிறது. அவை இல்லாமல் போனால், நல்லாகிக்கொண்டிருக்கிற முள்ளந்தண்டுக்கு வேலை செய்கிற மருந்தையே நிறுத்திவிடவும் கூடும்.